வலைப்பக்கம் எழுதக் கற்றுக்கொள்வதா, கரும்பலகையோடு நின்றுவிடுவதா?

நாற்பது பேர் கொண்ட ஒரு வாசகர் குழுவை நடத்துகிறீர்கள். மாதம் ஒரு புத்தகம், ஒரு கூட்டம். அடுத்த கூட்டம் எப்போது, எந்தப் புத்தகம், போன மாதம் பேசியதன் குறிப்பு எங்கே என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வீட்டுப் பிள்ளைகள் “எச்டிஎம்எல் கத்துக்கோங்க, ஒரு பக்கம் போட்டுடலாம்” என்கிறார்கள். குழுவில் இருக்கும் நண்பரோ, அறை வாசலில் ஒரு கரும்பலகை வைக்கலாம், போதாவிட்டால் ஆளுக்கொரு தபால் அட்டை போடலாம், அதுவும் போதாவிட்டால் புறா வளர்க்கலாம் என்கிறார். ஐம்பத்தைந்து வயதில் கோடிங் தலையில் ஏறுமா, ஏறினாலும் எனக்கு அது தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் வேலைக்கு வலைப்பக்கம் வேண்டுமா என்பது ஒன்று. வேண்டுமென்றால் அதை உங்கள் கையாலேயே எழுத முடியுமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: முடியும். கணினித் துறைக்குச் சம்பந்தமே இல்லாத பெரியவர்களுக்குப் பல வருடங்களாக இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வயது தடையாக நின்று நான் பார்த்ததில்லை; ஆங்கில விசைப்பலகை பழக்கமில்லாதது சிலரை முதல் வாரம் மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். முதல் கேள்விதான் யோசிக்க வேண்டியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் நண்பர் சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். கரும்பலகை நல்ல கருவி. அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது, மின்சாரம் வேண்டாம், புதுப் பதிப்பு வந்துவிட்டது என்று தொந்தரவு செய்யாது. தேதி மாறினால் துடைத்துவிட்டு எழுதலாம். எழுதிய அந்த நொடியிலேயே பழைய தேதி உலகத்தில் எங்கும் இல்லாமல் போய்விடுகிறது. இந்தக் கடைசிக் குணம் மிகப் பெரியது, இதைப் பற்றி இன்னும் சொல்லப்போகிறேன். அதன் குறை ஒன்றுதான்: முன்னால் வந்து நிற்பவர்தான் படிக்க முடியும். உங்கள் நாற்பது பேரும் ஒரே கட்டடத்துக்குத் தினமும் வந்துபோகிறவர்கள் என்றால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்குங்கள் என்று மனதாரச் சொல்வேன்.

புறா விஷயமும் வெறும் கேலி இல்லை. இணையத்தின் விதிமுறைகளை வெளியிடுகிறவர்கள், தரவுப் பொட்டலங்களை, அதாவது இணையத்தில் போகும் தகவலின் சிறு துண்டுகளை, புறாவின் காலில் கட்டி அனுப்புவது எப்படி என்று 1990 ஏப்ரல் 1 அன்று முறையான ஓர் ஆவணமே வெளியிட்டார்கள். 1149 என்ற எண்ணுள்ள ஆவணம் அது. முட்டாள்கள் தினத்து விளையாட்டு. ஆனால் 2001 ஏப்ரலில் நார்வேயின் பெர்கன் நகரத்தில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஆர்வலர்கள் சிலர் அதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். 9 பொட்டலங்கள் அனுப்பியதில் 4-க்கு மட்டும் பதில் வந்தது, ஒவ்வொன்றுக்கும் சுமார் 53 நிமிடம் முதல் ஒன்றே முக்கால் மணி நேரம் வரை ஆனது. நண்பரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

உண்மையில் இன்று கரும்பலகையின் இடத்தைப் பிடித்திருப்பது வேறொன்று: காகிதத்தில் எழுதி, போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது. உங்கள் குழுவிலும் இப்போது இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். எழுதுபவருக்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடிவதில்லை. சின்னத் திரையில் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது, இப்படியும் அப்படியுமாக இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவரின் போன் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும்போது, கையெழுத்துப் படத்தை அடைந்ததும் பெரும்பாலும் தடுமாறிப்போகிறது. எல்லாவற்றையும்விட மோசம், தேதி மாறிய பிறகும் பழைய படம் சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் புதிதாக ஒன்று அனுப்பினாலும் பலர் கைக்குப் பரவிவிட்ட பழையதை முழுவதுமாகத் திரும்பப் பெற வழியில்லை. இரண்டில் எது புதியது என்று வாங்கியவருக்குத் தெரிவதுமில்லை. கரும்பலகையிடம் இருந்த அந்த நல்ல குணம், துடைத்தால் பழையது போய்விடும் என்பது, இங்கே தொலைந்துவிட்டது. வலைப்பக்கம் அதைத் திருப்பித் தருகிறது. ஒரே முகவரி, அதில் எப்போதும் இன்றைய நிலவரம். எங்கிருந்தும் படிக்கக்கூடிய கரும்பலகை என்று அதை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆகவே என் அளவுகோல் இது. ஒரே தகவலை, உங்கள் அறையில் இல்லாத பலர், திரும்பத் திரும்பக் கேட்கிறார்களா? கேட்டால் பக்கம் வேண்டும். ஒருமுறை சொல்லி முடித்துவிடக்கூடிய செய்திக்கு வேண்டாம். பத்துப் பேருக்குள் பேச்சுவார்த்தையாக நடப்பதற்கும் வேண்டாம், அதற்குக் குழு அரட்டையே சரி. நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் உங்களுக்கு வேண்டும் என்றே தோன்றுகிறது. குறிப்பாகப் பழைய கூட்டங்களின் குறிப்புகள்; அவை சேர்ந்துகொண்டே போகிறவை, அரட்டையில் போட்டால் புதைந்துவிடும்.

இனி எச்டிஎம்எல் என்றால் என்ன என்பது. ‘கோடிங்’ என்ற சொல் கேட்டதும் கணக்கும் தர்க்கமும் நினைவுக்கு வந்து பலர் பயந்துவிடுகிறார்கள். இதில் கணக்கே கிடையாது. நீங்கள் எழுதிய உரையில், இது தலைப்பு, இது ஒரு பத்தி, இது பட்டியல், இது இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பு என்று அடையாளம் வைக்கிறீர்கள். அந்த அடையாளங்களுக்குத்தான் டேக் என்று பெயர். கோண அடைப்புக்குறிக்குள் ஓரிரு ஆங்கில எழுத்துகள், அவ்வளவே. பத்தி தொடங்கும் இடத்தில் பி என்ற எழுத்தை அடைப்புக்குறிக்குள் போடுகிறீர்கள். முடியும் இடத்தில் அதையே ஒரு சாய்கோடு சேர்த்துப் போடுகிறீர்கள். நடுவில் இருப்பது பத்தி. முக்கியத் தலைப்புக்கு எச்1, அதற்கு அடுத்த நிலைத் தலைப்புக்கு எச்2. பட்டியலுக்கு யூஎல், அதற்குள் ஒவ்வொரு வரிக்கும் எல்ஐ. இந்த நான்கைந்தைத் தெரிந்துகொண்டதுமே உங்கள் குழுவின் பக்கத்தில் முக்கால் பங்கை எழுதிவிடலாம்.

இது இவ்வளவு எளிமையாக இருப்பதற்குக் காரணம், இது பிறந்த விதம். டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவா அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989-இல் வலைக்கான மூல யோசனையை எழுதிக் கொடுத்தார். அங்கே ஆய்வாளர்கள் ஆளுக்கொரு வகைக் கணினி வைத்திருந்தார்கள். ஒன்றில் எழுதிய ஆவணம் மற்றொன்றில் திறக்காது. திரையின் அளவும் எழுத்துருவும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், எழுத்து எப்படித் தோன்ற வேண்டும் என்று கட்டளையிடாமல், எந்தப் பகுதி என்னவென்று மட்டும் குறித்துவிட்டு, காட்டும் பொறுப்பை அந்தந்தக் கணினியிடம் விடுவதே வழியாக இருந்தது. 1991-இல் வெளியான முதல் டேக் பட்டியலில் இருந்தவை வெறும் 18. அதில் படம் போடும் டேக் கூடக் கிடையாது. அது 1993-இல் மொசைக் பிரவுசரோடு வந்து சேர்ந்தது. பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் பிரவுசரிலேயே பக்கத்தைத் திருத்தி எழுதவும் வசதி இருந்தது. படிப்பவரே எழுதவும் செய்வார் என்பதுதான் அப்போதைய எண்ணம். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்த நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. நீங்கள் இன்று யாரிடமும் உரிமம் கேட்காமல் ஒரு பக்கம் எழுதலாம் என்பதற்கு வேர் அந்த அறிவிப்பு.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தத் தொடக்க காலப் பக்கங்கள் இன்றைய பிரவுசரிலும், உங்கள் கைப்பேசியிலும், ஒழுங்காகத் திறக்கின்றன. முப்பது வருடத்துக்கு முந்திய வேறு பல கணினி ஆவணங்களை இவ்வளவு சுலபமாகத் திறந்துவிட முடியாது. நீங்கள் இப்போது கற்கப்போகும் பத்துப் பன்னிரண்டு டேகுகள் பெரும்பாலும் அந்தப் பழைய பட்டியலிலிருந்தோ அதை ஒட்டிய ஆண்டுகளிலிருந்தோ வந்தவை. கணினி உலகத்தில் ஒருமுறை கற்றால் கடைசிவரை செல்லுபடியாகும் விஷயங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. ஐம்பத்தைந்து வயதில் கற்பது வீணாகுமா என்ற உங்கள் கவலைக்கு என்னிடமுள்ள உறுதியான பதில் இதுதான்.

இப்போது செய்முறை. முதல் நாள் கணினியைத் திறக்கவே வேண்டாம். ஒரு தாளை எடுத்து, பக்கத்தில் என்னவெல்லாம் வர வேண்டும் என்று எழுதுங்கள். மேலே குழுவின் பெயர். அதன் கீழே அடுத்த கூட்டத்தின் தேதி, நேரம், இடம். அதற்குக் கீழே புத்தகத்தின் பெயர். பிறகு பழைய கூட்டங்கள். எழுதி முடித்ததும் வேறு நிறப் பேனாவால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று குறியுங்கள். எச்டிஎம்எல் எழுதும் வேலையில் யோசனை தேவைப்படும் பகுதி இத்தோடு முடிந்தது, மிச்சம் தட்டச்சுதான். என் வகுப்பில் இந்தத் தாளை எழுதாமல் நேராகக் கணினியில் உட்காருகிறவர்கள் வண்ணத்தையும் எழுத்துருவையும் மாற்றி மாற்றிப் பார்த்தே பொழுதைக் கழித்துவிடுகிறார்கள். தாள் எழுதியவர்கள் அன்றைக்கே ஒரு பக்கத்தை முடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். தாழ்ந்த தொழில்நுட்பம் என்று எதையாவது பரிந்துரைப்பேன் என்றால் அது இந்தத் தாளும் பேனாவும்தான்.

அடுத்த நாள், விண்டோஸ் என்றால் நோட்பேடைத் திறந்துகொள்ளுங்கள். வேர்டு வேண்டாம், அது தன் அலங்காரக் குறிகளையெல்லாம் கூடவே திணித்துவிடும். மேக் கணினியில் டெக்ஸ்ட்எடிட் இருக்கிறது, ஆனால் அதை முதலில் வெற்று உரைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஃபைலின் முதல் வரியில், இது எச்டிஎம்எல் ஆவணம் என்று சொல்லும் டாக்டைப் வரி வர வேண்டும். அதை விட்டுவிட்டால், பிரவுசர் தொண்ணூறுகளின் பக்கங்களைக் காட்டுவதற்கென்று வைத்திருக்கும் பழைய முறைக்கு மாறிக்கொள்ளும். அளவுகள் எதிர்பாராத விதமாக மாறிப்போகும். பிறகு ஹெட் பகுதி, அதில் பக்கத்தின் பெயர். பிறகு பாடி, அதில் உங்கள் தாளில் உள்ளது எல்லாம். சேவ் செய்யும்போது பெயரின் கடைசியில் எச்டிஎம்எல் என்ற நீட்டிப்பு வர வேண்டும். நோட்பேட் தானாகவே டிஎக்ஸ்டி என்று பின்னால் ஒட்டிவிடும். விண்டோஸ் அந்த நீட்டிப்பை மறைத்து வைப்பதால் ஒட்டியதே தெரியாது. பக்கத்தைத் திறந்தால் டேகுகளெல்லாம் எழுத்தாகவே தெரிகின்றன என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் கோளாறு. சேவ் செய்யும் பெட்டியில் ஃபைல் வகையை ‘எல்லா ஃபைல்கள்’ என்று மாற்றினால் தீர்ந்துவிடும்.

தமிழில் எழுதப்போகிறீர்கள் என்பதால் இன்னும் ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஆங்கிலப் பாடங்களில் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். நமக்கு இது இல்லாமல் பக்கமே இல்லை. ஹெட் பகுதியில், பக்கத்தைப் பற்றிய தகவலைப் பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா டேக் வைத்து, எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை, யூடிஎஃப்-8 என்று சொல்ல வேண்டும். சேவ் செய்யும்போதும் அதே குறியாக்கத்தில் சேவ் செய்திருக்க வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டாக (பைட் என்பது கணினிச் சேமிப்பின் ஓர் அலகு) சேமிக்கப்படுகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஆக 15 பைட்டுகள். குறியாக்கம் என்னவென்று நீங்கள் சொல்லாவிட்டால், பிரவுசர் ஒவ்வொரு பைட்டையும் தனி ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக 15 புரியாத குறிகளைக் காட்டக்கூடும். பார்த்துப் பதறிவிட வேண்டாம், எழுத்து எதுவும் அழிந்திருக்காது. அந்த ஒரு வரியைச் சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் விஷயம் வேறு. பழைய நோட்பேட் ஆன்ஸி என்ற குறியாக்கத்தில் சேவ் செய்து உண்மையிலேயே தமிழை இழந்துவிட்டது என்று பொருள். 2019-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து நோட்பேட் இயல்பாகவே யூடிஎஃப்-8-இல் சேவ் செய்கிறது. அதற்கு முந்திய கணினி என்றால் சேவ் செய்யும் பெட்டியில் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கூடவே, ஆவணத்தின் மொழி தமிழ் என்று, எல்லாவற்றையும் சூழ்ந்து நிற்கும் எச்டிஎம்எல் என்ற முதன்மை டேகில் குறித்துவிடுங்கள். வாசித்துக் காட்டும் செயலிகள் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறுகின்றன.

யூடிஎஃப்-8-க்கு அடிப்படையான, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ்ப் பக்கம் படிக்க அந்தந்தத் தளத்தின் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்ததும், டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்தக் காலத்து உரை எதையாவது பக்கத்தில் சேர்க்க நினைத்தால், முதலில் யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தேடுபொறிக்கு அது தமிழாகவே தெரியாது.

இணைப்புக்கு ஏ என்ற ஒற்றை எழுத்து டேக். எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதை அதற்குள்ளேயே மேற்கோள் குறிக்குள் எழுதுகிறோம். “இங்கே சொடுக்கவும்” என்று எழுதி இணைப்புக் கொடுக்காதீர்கள். “மார்ச் மாதக் கூட்டக் குறிப்பு” என்று போகும் இடத்தின் பெயரையே இணைப்பாக்குங்கள். படத்துக்கு ஐஎம்ஜி, அதோடு ஆல்ட் என்ற பகுதியில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி. தாள் அட்டவணை போல வரிசையும் நெடுக்கையுமாகத் தகவல் இருந்தால் டேபிள் டேக். ஆண்டு முழுவதற்குமான கூட்டங்களின் பட்டியலுக்கு அது பொருத்தம். ஃபைல்களுக்குப் பெயர் வைக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து மட்டும், இடைவெளி இல்லாமல். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், விண்டோஸ் கணினிக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். ஆனால் பக்கம் போய்ச் சேரும் சர்வர், அதாவது பக்கத்தை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினி, பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு. வீட்டில் தெரிந்த படம் வலையில் ஏற்றியதும் காணாமல் போவதற்கு அநேகமாக இதுவே காரணம்.

எழுதி முடித்துத் திறந்தால் பக்கம் பார்க்க வெறுமையாக இருக்கும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, நீல இணைப்புகள். அதை அப்படியே வெளியிட்டாலும் படிக்க முடியும் என்பதை முதலில் கவனியுங்கள். தோற்றத்துக்கென்று இருப்பது சிஎஸ்எஸ். ஹோகோன் வியூம் லீ 1994-இல் முன்வைத்த யோசனை, 1996 டிசம்பரில் முறையான தரமாக வந்தது. கடல் போன்ற விஷயம். உங்களுக்கு அதில் ஐந்தாறு வரிகள் போதும். தமிழுக்கு வரிகளுக்கிடையே இடம் தாராளமாக வேண்டும், மேலே எழும் குறிகள் மேல் வரியோடு மோதாமல் இருக்க. எழுத்து உயரத்தைப்போல் 1.6 அல்லது 1.7 மடங்கு என்று வைப்பது என் வழக்கம். நம் சொற்கள் நீளமானவை, கைப்பேசியின் குறுகிய திரையில் ஒரே சொல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நீண்ட சொல்லை உடைக்கலாம் என்று அனுமதிக்கும் வரி ஒன்று உண்டு, அதைச் சேர்த்துவிடுங்கள். பெரிய திரையில் வரி விளிம்பிலிருந்து விளிம்புவரை ஓடாமல் அகலத்துக்கு ஒரு வரம்பு. சாய்ந்த எழுத்தைத் தவிருங்கள், தமிழ் எழுத்துருக்களில் அது அழகாக அமைவது அபூர்வம். இவற்றோடு ஹெட் பகுதியில் வியூபோர்ட் என்ற மெட்டா வரியும் வேண்டும். அது இல்லாவிட்டால் கைப்பேசி உங்கள் பக்கத்தை மேசைக் கணினிக்கானது என்று எண்ணி, சுமார் 980 பிக்சல் அகலத்தில் அடுக்கி, எறும்பு எழுத்தாகச் சுருக்கிக் காட்டும்.

ஜாவாஸ்கிரிப்டை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். அதுதான் உண்மையான நிரல் மொழி, கணக்கும் தர்க்கமும் அங்கேதான். தேதியும் புத்தகப் பெயரும் காட்ட அது தேவையில்லை.

தவறு செய்தால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. எதுவும் ஆகாது. நிரல் மொழிகள் பலவற்றில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் எல்லாமே நின்றுபோகும். எச்டிஎம்எல்லில் மூடாத டேகைப் பிரவுசரே ஊகித்து மூடிக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும். தவறான எழுத்தை எப்படிச் சமாளிக்க வேண்டும் என்பதையே எச்டிஎம்எல்5 தரம் விரிவாக வகுத்து வைத்திருக்கிறது. இந்தப் பொறுமையால் ஒரு கெடுதியும் உண்டு: தவறு கண்ணில் படாமலே கிடந்து, பிறகு வேறொன்றை மாற்றும்போது தலைகாட்டும். ஆகவே எழுதியதை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் இலவசச் சரிபார்ப்புப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். எந்த வரியில் என்ன விடுபட்டது என்று சொல்லிவிடும்.

எங்கே படிப்பது என்றால், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை வெளியிடும் மொசில்லாவின் எம்டிஎன் தளத்தை முதலாவதாகச் சொல்வேன். ஆங்கிலம்தான், ஆனால் நிதானமான ஆங்கிலம். டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளத்தில் உடனுக்குடன் மாற்றிப் பார்க்கும் வசதி நன்றாக இருக்கிறது. அது டபிள்யூ3சி அமைப்பைச் சேர்ந்தது அன்று, பெயர் ஒற்றுமை மட்டுமே. இவை இரண்டையும்விடச் சிறந்த ஆசிரியர், எந்தப் பக்கத்தையும் திறந்து கன்ட்ரோல், யூ விசைகளைச் சேர்த்து அழுத்தினால் தெரியும் மூல உரை. பெரிய வணிகத் தளங்களில் அதைப் பார்த்தால் தலை சுற்றும். தனி மனிதர்கள் எழுதிய எளிய பக்கங்களில் பாருங்கள். பழைய பாடங்கள் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. ஃபான்ட், சென்டர், ஓடும் எழுத்துக்கான மார்க்கீ ஆகிய டேகுகளைக் கற்றுத்தரும் பாடம் என்றால் மூடிவிடுங்கள். அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது இன்றைய தரம், பழைய பக்கங்களுக்காக அவை இன்னும் வேலை செய்தாலும்.

இதுவரை சொன்னது உறுதியாகச் சொல்லக்கூடியது. இனிச் சொல்வது என் கருத்து, மாற்றுக் கருத்துகளும் உண்டு. கோடே எழுதாமல் இழுத்து வைத்துப் பக்கம் அமைக்கும் சேவைகள் நிறைய இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் முழுப் பக்கத்தையும் எழுதித் தந்துவிடும். பிறகு எதற்குக் கற்க வேண்டும் என்று வகுப்பில் அடிக்கடி கேட்கிறார்கள். முதல் பக்கத்தை அப்படிப் பெறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் அடுத்த மாதம் தேதியை மாற்ற வேண்டும், அதற்கடுத்த மாதம் ஒரு வரியை நீக்க வேண்டும். டேகுகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது அரை நிமிட வேலை. தெரியாதவர் ஒவ்வொரு முறையும் முழுப் பக்கத்தையும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும், அதில் என்ன மாறியது என்றும் அவருக்குத் தெரியாது. இழுத்து வைக்கும் சேவைகளிலோ, நீங்கள் சேர்த்தவற்றை வேறிடத்துக்கு எடுத்துப்போவது பல சமயம் கடினம். ஆகவே எழுதத் தெரியாவிட்டாலும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் நிலை. பத்து வருடம் கழித்தும் இதே நிலையில் இருப்பேனா என்று கேட்டால், அதற்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். கருவிகள் மாறும் வேகம் அப்படி.

எவ்வளவு நாளாகும் என்பதும் ஆளைப் பொறுத்தது. தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், உங்களுக்குத் தேவையான அளவுக்கு எச்டிஎம்எல் ஒரு வாரத்தில் கைவந்துவிடும், சிஎஸ்எஸ் இன்னும் இரண்டு மூன்று வாரம் கேட்கும் என்பது நான் பார்த்த பொதுவான வேகம். வேலை வாய்ப்புக்காகக் கற்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவர்களுக்கு நான் பயிற்சி கொடுத்ததுமில்லை. உறுப்பினர் உள்ளே நுழையும் வசதி, பணம் செலுத்தும் வசதி, பெயர் பதிவு செய்யும் படிவம் ஆகியவை எல்லாம் இந்தப் படிப்பின் எல்லைக்கு வெளியே இருப்பவை. அவற்றை அரைகுறையாகச் செய்தால் மற்றவர்களின் தகவல் வெளியே கசியும். அவை தேவைப்படும் நாளில் தொழிலறிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எழுதிய பக்கத்தை வலையில் வைக்க ஓர் இடம் வேண்டும். உங்களுடையது மாறாப் பக்கம், அதாவது சர்வர் எதையும் கணக்கிடாமல் ஃபைலை அப்படியே எடுத்துக் கொடுக்கும் வகை. இதற்கு இலவச இடங்கள் உண்டு. கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ் இரண்டும் நான் மாணவர்களுக்குக் காட்டுபவை. முதல் பக்கத்தின் ஃபைலுக்கு இண்டெக்ஸ் என்று பெயர் வைக்க வேண்டும், முகவரியை மட்டும் தட்டினால் சர்வர் தேடுவது அதைத்தான். சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமென்றால் அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, தொடக்கத்தில் அவசியமில்லை. ஆனால் எந்த இலவச இடமும் நிரந்தரம் என்று நம்பிவிடாதீர்கள். 1994-இல் தொடங்கிய ஜியோசிட்டீஸில் ஏராளமானோர் தங்கள் முதல் பக்கத்தை எழுதினார்கள். அதை வாங்கியிருந்த யாஹூ 2009-இல் மூடிவிட்டது. தன் கணினியில் பிரதி வைத்திருந்தவர்கள் அந்தப் ஃபைல்களை வேறிடத்தில் ஏற்றிக்கொண்டார்கள். கையால் எழுதிய எச்டிஎம்எல்லுக்கு அந்த வசதி உண்டு, ஒரு ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம். உங்கள் ஃபோல்டரை ஒரு பென்டிரைவிலும் வைத்திருங்கள்.

கடைசியாக, பக்கத்தில் என்ன போடக்கூடாது என்பது. உறுப்பினர்களின் தொலைபேசி எண்களையும் வீட்டு முகவரிகளையும் போட வேண்டாம். வலையில் உள்ளதை மனிதர்கள் மட்டும் படிப்பதில்லை, எண்களைத் திரட்டுவதற்கென்றே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களும் படிக்கின்றன. குழுவுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி அதை மட்டும் கொடுங்கள். பக்கத்தின் அடியில் கடைசியாகத் திருத்திய தேதியைப் போடுங்கள், படிப்பவர் அதைப் பார்த்துத்தான் நம்புவார். பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்க வேண்டாம், இன்னொருவருக்கும் அதைக் கொடுத்து, தேதியை மாற்றும் அந்த ஒரு வரியைக் காட்டிக்கொடுத்துவிடுங்கள். கரும்பலகை யோசனை சொன்ன நண்பரையே அதற்குக் கேட்டுப் பார்க்கலாம். அழித்து எழுதுவதன் அருமை தெரிந்தவர் அவர்.